சனிக்கிழமை ராத்திரிக்கு எந்தப் படம்?

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். பத்து நாள் இருப்பார்கள். முதல் நாள் ராத்திரி சாப்பிட்ட தட்டை எடுக்கும்போதே அம்மா கேட்டுவிடுவார், "ஏன்டா, நல்ல படமா ஒண்ணு போடேன்." இந்த 'நல்ல படம்' என்பதற்கு எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து அர்த்தம். போன தடவை, ஊரே ஆஹா ஓஹோ என்ற ஒரு படத்தை நம்பிப் போட்டேன். இருபதாவது நிமிடத்தில் ஒருவன் கழுத்து போனது. மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்த அப்பா திரும்பி வரவே இல்லை. அம்மா திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையா காசு குடுத்துப் பாக்குறீங்க?"

அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே வேலையை ஆரம்பித்துவிட்டேன். கடந்த ஒரு மாதத்தில் நான்கு படங்கள் பார்த்தேன். நான்கும் 2025இல் வந்தவை. ஜனவரியில் வந்த 'குடும்பஸ்தன்', மே 1 அன்று வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', அப்புறம் ஜூலை 4 அன்று ஒரே நாளில் வந்த '3 பிஎச்கே'யும் 'பறந்து போ'வும். எல்லாமே தியேட்டரை விட்டு ஓடிடிக்கு வந்து நாளாகிவிட்டது. நான்தான் எப்போதும் போல லேட்.

குடும்பத்தோடு பார்க்கலாம் என்று பெயரெடுத்த படங்களாகத்தான் தேடி எடுத்தேன். பார்த்து முடித்த பிறகுதான் உறைத்தது, நான்குமே பணத்தைப் பற்றிய படங்கள். நான்கிலும் வில்லன் என்று பார்த்தால் மாசக் கடைசிதான். வாடகை, கடன், இஎம்ஐ, வேலை போவது, ஊரையே விட்டு வருவது என்று ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் கையைப் பிசைகிறது. அதனால் இதில் எது சிறந்த படம் என்று ஆராய்வதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. 72 வயது அப்பா, நாற்காலியில் சம்மணமிட்டு உட்காரும் அம்மா, 9 வயது மகன், என் மனைவி, நான் என்று இந்த ஐந்து பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்க எது தோது என்பதுதான் கேள்வி.

முதலில் '3 பிஎச்கே'யை எடுத்துக்கொள்கிறேன். நான்கில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதுதான்.

அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து ஸ்ரீகணேஷ் எடுத்த படம். '8 தோட்டாக்கள்' எடுத்தவர். வாசுதேவன், சாந்தி, பிரபு, ஆர்த்தி என்று நான்கு பேர் கொண்ட வாடகை வீட்டுக் குடும்பம். சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்று காசு சேர்க்கிறார்கள். சேர்ந்து வரும் நேரத்தில் ஒரு செலவு வருகிறது. பையனின் கல்லூரி, அப்பாவின் நெஞ்சு வலி, பெண்ணின் கல்யாணம் என்று வருஷங்கள் ஓடுகின்றன. சேர்த்த காசு ஒரு படி ஏறினால் வீட்டு விலை நான்கு படி ஏறி நிற்கிறது. கதை இவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. கஷ்டங்கள் ஸ்டேஷனில் ரயில் வருவது போல வரிசையாக, சொன்ன நேரத்துக்கு வருகின்றன. அழ வேண்டிய இடத்தை இசை முன்கூட்டியே வந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆரம்பத்தில் சித்தார்த்தைப் பள்ளிக்கூடப் பையனாக நம்புவதற்குக் கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். ஆனால் அப்பா வாசுதேவனாக வரும் சரத்குமார் இருக்கிறாரே, அவர் குரலை உயர்த்தாமல், தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தபோது நான் அவரை மறந்துவிட்டேன். அங்கே தெரிந்தது என் அப்பா.

அம்மாவுக்கு இந்தப் படத்தில் ஒரு கூடுதல் கவர்ச்சி உண்டு. சரத்குமாரும் தேவயானியும் 1997இல் 'சூர்யவம்சம்' படத்தில் ஜோடி. அம்மா அதை டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. அதில் 'நட்சத்திர ஜன்னலில்' என்று ஒரு பாட்டு வரும். அந்த ஒரே பாட்டுக்குள் புருஷன் பஸ் முதலாளி ஆவார், பெண்டாட்டி கலெக்டருக்குப் படிப்பார். அதே ஜோடி இந்தப் படத்தில் ஒரு ஃபிளாட்டுக்குக் காசு சேர்க்க இரண்டேகால் மணி நேரம் திணறுகிறது. ஐந்து நிமிடத்தில் பணக்காரர் ஆக முடியும் என்று நம்பிய காலத்தில் வளர்ந்தவன் நான். இப்போது 20 வருஷக் கடனில் இருக்கிறேன். இந்த வித்தியாசத்தை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

சிக்கல் என்னவென்றால், இது அப்பாவின் கதை. அவர் தபால் துறையில் வேலை பார்த்தவர். மாற்றல் மாற்றலாக வாடகை வீட்டிலேயே எங்களை வளர்த்தார். நடுவில் ஒரு மனை வாங்கிப் போட்டார். அக்கா கல்யாணத்துக்கு அதை விற்றார். ஓய்வு பெற்று வந்த பணத்தில்தான் ஊரில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று நானும் அக்காவும் விருந்தாளி மாதிரி போய் நின்றோம். ஓடி விளையாட வேண்டிய வயதில் எங்களுக்குக் கிடைக்காத கூடம், இப்போது இரண்டு வயசானவர்களுக்கு ரொம்பப் பெரிசாகக் கிடக்கிறது. அந்த மனையை விற்றதைப் பற்றி அப்பா இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தப் படத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்றால், ஒரு கட்டத்துக்கு மேல் ஐந்து பேருமே திரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியாது. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். யாரும் எதுவும் பேச மாட்டோம். படம் முடிந்ததும் விளக்கை யார் போடுவது என்பதே பெரிய பிரச்சினை ஆகிவிடும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிற படம் அதே நாளில் வந்தது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. '3 பிஎச்கே' வீட்டுக்குள் நுழைவதற்கு ஏங்குகிறது. 'பறந்து போ' வீட்டைப் பூட்டிவிட்டு ஓடுகிறது. இரண்டு படத்திலும் ஒரு அப்பா, ஒரு மகன், நடுவில் கடன். ஒருவர் மகனுக்காக வீடு வேண்டும் என்கிறார். இன்னொருவருடைய மகன் அந்த வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து பைத்தியம் பிடிக்காத குறை.

'கற்றது தமிழ்', 'பேரன்பு' எடுத்த ராம் இப்படி ஒரு லேசான படம் எடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் படம் என்றாலே கைக்குட்டையோடு உட்காருகிற ஆள் நான். கோகுலாக சிவா. 'தமிழ்ப்படம்' சிவாதான். எந்த வசனத்தையும் ரேஷன் கடையில் விலாசம் சொல்வது போலச் சொல்லும் அந்தக் குரல் இந்தப் படத்துக்கு அப்படிப் பொருந்துகிறது. மனைவி குளோரியாக கிரேஸ் ஆண்டனி. பையன் அன்பு. அப்பாவும் அம்மாவும் பிழைப்புக்கு ஓட, பையன் பூட்டிய வீட்டுக்குள் ஆன்லைன் வகுப்பில் இருக்கிறான். ஒரு நாள் அப்பாவும் மகனும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அப்புறம் ரோடு, குளம், மலை, பழைய தோழி என்று போய்க்கொண்டே இருக்கிறது.

படம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பாட்டுகள். சந்தோஷ் தயாநிதி இசையில் நிமிடத்துக்கு ஒன்று என்று சொல்லலாம் போல வருகின்றன. யாராவது மனசுக்குள் நினைப்பதைப் பாட்டாகப் பாடிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு ஏழெட்டுப் பாட்டு வரை பிடித்தது. அதற்கு மேல் போதும்பா என்று தோன்றியது. அப்பா நிச்சயம் இரண்டாவது பாட்டிலேயே "இது என்ன, நாடகமா?" என்று கேட்பார். அம்மாவுக்கு வேறு பிரச்சினை. அந்தப் பையன் அன்பு எதைச் சொன்னாலும் கேட்க மாட்டான், கண்ட இடத்தில் ஏறுவான். அம்மாவுடைய தீர்ப்பு இப்போதே என் காதில் விழுகிறது. "இவனை ரெண்டு போட்டா எல்லாம் சரியாயிரும்."

என் மனைவி ஒன்று சொன்னாள். இந்த மாசத்தில் நான் கேட்ட சினிமா விமர்சனங்களில் அதுதான் சிறந்தது. "அப்பாவும் பையனும் ஊர் சுத்தி வாழ்க்கையைக் கத்துக்கறாங்க, சரி. அந்த அம்மா அங்க கடையில நின்னு சேலை வித்துக்கிட்டிருக்காளே, அவ எப்பப் பறப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் மகனுக்கு இந்தப் படம் மேல் பைத்தியம். இரண்டு தடவை பார்த்துவிட்டான். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே "நாம எப்பப்பா கிளம்புறோம்?" என்றான். எங்கே என்று கேட்டதற்கு, "எங்கேயாவது." இந்தப் படத்தைக் குழந்தைகளோடு பார்ப்பவர்கள் பெட்ரோல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

'குடும்பஸ்தன்' பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நான்கில் நான் வாய்விட்டுச் சிரித்தது இதற்குத்தான் என்றாலும், சனிக்கிழமைப் பட்டியலிலிருந்து முதலில் அடித்ததும் இதைத்தான். யூடியூபில் நக்கலைட்ஸ் பார்த்தவர்களுக்கு இந்த நகைச்சுவை புதிதில்லை. அந்தக் குழுவிலிருந்து வந்த ராஜேஷ்வர் காளிசாமி இயக்கியது. மணிகண்டன் கோயம்புத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் நவீன். சாதி மீறிப் பதிவுத் திருமணம், கலெக்டர் கனவோடு படிக்கும் மனைவி, பேச்சில் குத்திக்கொண்டே இருக்கும் வீடு. வேலை போய்விடுகிறது. அதை வீட்டில் சொல்லாமல் மறைத்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போகிறான். மணிகண்டன் மாதிரி பொய் சொல்லத் திணறும் முகம் இப்போது தமிழில் வேறு யாருக்கும் இல்லை. ஒவ்வொரு தொழிலாகத் தொடங்கிக் கவிழ்ப்பது இரண்டாம் பாதியில் கொஞ்சம் நீளம்.

அடித்ததற்குக் காரணம் நீளம் இல்லை. அந்த அக்கா புருஷன். குரு சோமசுந்தரம் பிரமாதமாகச் செய்திருக்கிறார். காசு இருக்கும் திமிரில் மச்சானை நிற்க வைத்து அறிவுரை சொல்லும் ஆள். எங்கள் வீட்டிலும் ஒரு அத்தான் உண்டு. நல்ல மனுஷர். ஆனால் அந்தச் சிரிப்பும், நாற்காலியில் சாயும் விதமும் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை அவரும் அக்காவும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். படம் ஓடும்போது மகன் "அப்பா, இவர் நம்ம மாமா மாதிரியே..." என்று ஆரம்பித்தால் நான் எங்கே போய் ஒளிவது? இன்னொன்றும் உண்டு. வேலை போய் அதை வீட்டில் மறைத்துக்கொண்டிருக்கும் யாராவது உங்கள் வட்டத்தில் இருந்தால் இந்தப் படத்தைச் சிபாரிசு செய்யாதீர்கள். தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

மிச்சம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. நேர்மையாகச் சொன்னால், படமாக எனக்கு இது மூன்றாவது இடம்தான்.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க முடியாமல் தர்மதாஸும் வசந்தியும் இரண்டு பையன்களோடு படகில் ராமேசுவரம் வருகிறார்கள். சசிகுமாரும் சிம்ரனும். வசந்தியின் அண்ணனாக யோகி பாபு அவர்களைச் சென்னைக்கு அழைத்து வந்து ஒரு காலனியில் குடிவைக்கிறார். யாரிடமும் அதிகம் பேசாதே, பேசினால் பாஷை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் போடும் நிபந்தனை. தர்மதாஸுக்கோ பேசாமல் இருக்கத் தெரியாது. வணக்கம் சொல்லாமல் யாரையும் கடக்கத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு வாழும் ஒரு தெரு, இந்தக் குடும்பத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறக்கிறது. அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இருபதுகளின் நடுவில் இருக்கும் ஒரு இளைஞர் எடுத்தது என்று நம்ப முடியாத நிதானம் சில காட்சிகளில் இருக்கிறது. முக்கியமாக அந்தச் சாவு வீடு. அங்கே என் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருமே நல்லவர்கள். முறைத்துக்கொண்டிருப்பவரும் பத்து நிமிடத்தில் நல்லவர் ஆகிவிடுகிறார். மிட்டாய்க் கடைக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு திகட்டல். நிஜம் இவ்வளவு இனிப்பாக இல்லை. 2022 மார்ச்சிலிருந்து தனுஷ்கோடி பக்கம் வந்து இறங்கியவர்களை அதிகாரிகள் விசாரித்து மண்டபம் அகதிகள் முகாமில்தான் தங்க வைத்தார்கள். 1980களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கூட இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் அரசு அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. மாற்றியது நல்ல விஷயம்தான், ஆனால் பெயர் மாறிய பிறகும் உள்ளே இருப்பவர்களுக்குக் குடியுரிமை இல்லை. படம் அந்தப் பக்கம் தலையைக் கூடத் திருப்புவதில்லை. சிரிக்க வந்த படத்திடம் அதைக் கேட்பது நியாயமா என்று மனைவி கேட்டாள். கேட்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சசிகுமாரின் ஈழத்தமிழும் சில வசனங்களில் ராமநாதபுரம் வரை வந்து மதுரைக்குத் திரும்பிவிடுகிறது.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இந்தப் படத்தின் பக்கமே கை போகிறது?

அப்பா 80களின் நடுவில் சில வருஷம் ராமநாதபுரம் பக்கம் ஒரு தபால் ஆபீஸில் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பு. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து படகு படகாக மக்கள் வந்துகொண்டிருந்த காலம். எப்போதோ ஒரு மழை நாளில், கரண்ட் போன நேரத்தில், ஒரே ஒரு கதை சொன்னார். ஒரு பெரியவர் கவுண்டரில் வந்து நின்று, "தம்பி, ஒரு முத்திரை தாருங்கோ" என்று கேட்டாராம். அப்பா மேசையில் இருந்த ரப்பர் முத்திரையைக் காட்டி, "இதெல்லாம் ஆபீஸ் சாமான், வெளியில தர மாட்டோம்" என்றாராம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றுவிட்டார். பின்னால் நின்ற யாரோதான் ஸ்டாம்பைத்தான் அவர் முத்திரை என்கிறார் என்று விளக்கியிருக்கிறார்கள். அதற்குள் பெரியவர் வெளியே போய்விட்டார். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடினாராம். கிடைத்தாரா என்று நாங்கள் கேட்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது, அப்பா எழுந்து போய்விட்டார்.

அந்தக் கதையின் மிச்சம் எனக்கு இன்னும் தெரியாது. 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்துக்கொண்டிருந்தபோது, பாஷையை மறைக்கச் சொல்லும் அந்தக் காட்சிகளில், எனக்குத் திரும்பத் திரும்ப அந்தக் கவுண்டர்தான் ஞாபகம் வந்தது. '3 பிஎச்கே' அப்பாவை வாயடைக்க வைக்கும். இந்தப் படம் ஓடினால் அவர் குறுக்கே பேசுவார் என்று தோன்றுகிறது. "அப்படியெல்லாம் விட மாட்டாங்கடா, மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க" என்று பாதியில் ஆரம்பித்து, படத்தை நிறுத்த வைத்து, கேட்காமலே சொல்வார். ஐந்து பேர் சேர்ந்து பார்க்கும் படத்தை நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் அது எனக்கு லாபம்.

மற்ற கணக்குகளும் ஒத்துவருகின்றன. நான்கில் இதுதான் நீளம் குறைவு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் சில நிமிடங்கள்தான். அப்பா பத்து மணிக்கு மேல் உட்கார மாட்டார், 'குடும்பஸ்தன்' என்றால் க்ளைமாக்ஸில் குறட்டை கேட்கும். ரிமோட்டைத் தேட வைக்கும் காட்சி கிடையாது. கழுத்து எதுவும் போகாது. சின்னப் பையன் முள்ளி அடிக்கும் லூட்டி என் மகனுக்குப் போதும். அம்மாவுக்கு சிம்ரன். அத்தானுக்கு யோகி பாபு. அக்காவுக்கு அழ இடம் உண்டு, அழுத பிறகு சிரிக்கவும் உண்டு.

'3 பிஎச்கே'யை முழுசாகக் கைவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கும்போது அம்மாவுக்கு மட்டும் போட்டுக்காட்டலாம் என்று இருக்கிறேன். சூர்யவம்சம் ஜோடி என்றால் அம்மா மறுக்க மாட்டார். அந்த மனையை விற்ற நாள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய இன்னொரு ஆள் அவர்தான். அப்பா எழுந்து வந்து ஓரமாக நின்று பார்த்தால், பார்த்துக்கொள்ளட்டும். 'பறந்து போ'வை மகன் எப்படியும் மூன்றாவது தடவை போடத்தான் போகிறான், அதற்கு நான் நாள் குறிக்கத் தேவையில்லை.

ஆக, சனிக்கிழமை ஏழரைக்கு 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்று மனைவியிடம் சொல்லி, ராத்திரிச் சாப்பாட்டை அரை மணி நேரம் முன்னால் வைப்பது என்றும் பேசி முடித்தோம். நேற்று சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்தது. மகன்தான் எடுத்தான். "தாத்தா, நீங்க வந்ததும் 'பறந்து போ'" என்று கத்தினான்.

"வந்ததும் எங்கடா பறக்கச் சொல்ற?" என்றார் அப்பா.